நாள்பட்ட நோய்க்கு நாள்தோறும் துணை

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதுவது)

துறையூருக்கு வடமேற்கே, கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது புளியஞ்சோலை. மலைமேல் ஆகாயகங்கை என்னும் அருவியாக வீழ்ந்து, பாறைகளினூடே இறங்கி வரும் ஐயாறு இவ்விடத்தில்தான் சமவெளியைத் தொடுகிறது. விடுமுறை நாட்களில் திருச்சிராப்பள்ளி, துறையூர் முதலிய ஊர்களிலிருந்து மக்கள் திரளாக வந்து நீராடிச் செல்கின்றனர். அவர்கள் காண்பது நீரும் நிழலும். வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டிருப்பவனோ வேறொன்றையும் காண வேண்டியவனாகிறான். மலையிலிருந்து காட்டுப் பாதையில் சுமையுடன் இறங்கி வருவோர், அடிவாரத்துக் குடியிருப்புகளில் கூலி வேலையால் வயிறு வளர்ப்போர் ஆகியோரின் உடல்நலம் எவ்வாறு இருக்கிறது, அவர்கள் நோயுற்றால் யார் கவனிக்கிறார்கள் என்பதே அது.

காய்ச்சல், பேதி, பாம்புக்கடி, பேறுகால வேதனை ஆகியவற்றுக்கு ஏதோ ஒருவகையில் வழி செய்துகொள்கிறோம். அவை தாமே கதவைத் தட்டி நம்மை எழுப்பிவிடும். ஆனால், இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இருதய நோய், சிறுநீரகக் கோளாறு, இழுப்பு, வலிப்பு, மனநோய் போன்ற நாள்பட்ட நோய்கள் அத்தகையன அல்ல. அவை ஓசையின்றி வந்து, ஆண்டுக் கணக்கில் உடலில் தங்கி, ஒரு நாள் திடீரென்று குடும்பத்தின் தூணையே சாய்த்துவிடுகின்றன. இவற்றுக்குக் கிராம சுகாதார அமைப்பை எவ்வாறு ஒழுங்கு செய்வது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் தன்மை மாறிவிட்டது

நம் பாட்டனார் காலத்தில் ஊரையே காலி செய்த நோய்கள் காலராவும் பெரியம்மையும் ஆகும். அவற்றை எதிர்த்து அமைக்கப்பெற்றவையே நமது சுகாதார ஏற்பாடுகள். 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும், 1946-இல் வெளியான போர் குழுவின் அறிக்கையும், 1952 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தையொட்டி எழுந்த ஆரம்ப சுகாதார நிலையங்களும் அந்த நோக்கத்தைப் பெரும்பாலும் நிறைவேற்றின. கொள்ளை நோய்கள் ஒடுங்கின. தாய் சேய் மரணம் குறைந்தது. மக்கள் நீண்ட நாள் வாழ்கின்றனர். நீண்ட நாள் வாழ்வோரை நாடி வருவன நாள்பட்ட நோய்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் இத்தகைய தொற்றா நோய்களால் உலகில் மாண்டவர் ஏறத்தாழ 4 கோடியே 30 லட்சம் பேர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வொன்று, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவும், 31 கோடிக்கு மேற்பட்டோருக்கு இரத்தக் கொதிப்பும் இருப்பதாக மதிப்பிட்டுள்ளது. இவை பட்டணத்துச் செல்வர்களின் வியாதிகள் என்று எண்ணுவது பழைய எண்ணமாகும். வரப்பில் நடப்பவருக்கும், மலையேறிச் சுமை தூக்குபவருக்கும் இவை வருகின்றன.

தமிழ்நாட்டில் 2020-இல் நடைபெற்ற கணக்கெடுப்பைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். வயது வந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொதிப்பும், 17.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் இருந்தன. கொதிப்பு உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருந்தது. நீரிழிவில் அந்த அளவு 10.8 விழுக்காடு. ஆயிரம் பெரியவர்கள் வாழும் ஒரு கிராமத்துக்கு இதைப் பொருத்தினால், கொதிப்பு உள்ளவர் 339 பேர். அதை அடக்கி வைத்திருப்பவர் 25 பேர் மட்டுமே. நீரிழிவு உள்ளவர் 176 பேர். அடக்கி வைத்திருப்பவர் 19 பேர். மருத்துவர் இல்லாத நாடன்று நமது நாடு. மருந்து கிடைக்காத காலமுமன்று இது. அவ்வாறிருக்க, எஞ்சிய முந்நூறு பேர் எங்கே நழுவினார்கள் என்பதே நம்முன் உள்ள வினா.

நான் கற்ற ஒரு பாடம்

இவ்வினாவுக்கு விடையை நான் புத்தகத்தில் கற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு வட்டாரத்தில் பணியாற்றியபோது, ஒரு சிற்றூரில் மருத்துவ முகாம் நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. பந்தல் போட்டோம், ஒலிபெருக்கி வைத்தோம், ஊர் முழுவதும் தண்டோராப் போட்டு மக்களைத் திரட்டினோம். இருநூறு பேருக்குக் குறையாமல் வந்தனர். அவர்களுள் முப்பது பேருக்கு மேல் கொதிப்பு இருப்பதாகக் கண்டு, பத்து நாளைக்கு உரிய மாத்திரைகளைக் கொடுத்தனுப்பினோம். முகாம் சிறப்புற நடந்தது என்று நானே அறிக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். பாராட்டும் வந்தது.

ஐந்து மாதங்கள் கழித்து, வீடு கட்டும் திட்டத்தைப் பார்வையிட அதே ஊருக்குச் சென்றேன். புளி குத்தகை எடுத்துப் பிழைத்து வந்த ஒருவர், திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். வலக் கையும் வலக் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிற்று. முகாமன்று என்னோடு நகைச்சுவையாகப் பேசிக்கொண்டிருந்தவர் அவர். அவருடைய மனைவியார் உள்ளே சென்று, கூரைச் செருகலில் பத்திரமாக வைத்திருந்த முகாம் சீட்டையும், மாத்திரை தீர்ந்துபோன வெறும் அட்டையையும் எடுத்து வந்து காட்டினார். “ஐயா, இது தீர்ந்தால் மறுபடி எங்கே வாங்கவேண்டும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லையே. உடம்பும் நன்றாகத்தானே இருந்தது” என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். எனக்கு விடை சொல்ல வாய் எழவில்லை. நோயைக் கண்டுபிடித்தோம், மருந்தும் கொடுத்தோம், ஆனால், பதினோராவது நாளுக்கு யார் பொறுப்பு என்பதை நாங்கள் எண்ணவேயில்லை. அந்த முப்பது பேரின் பெயர்களை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

நான்காவது ஆள்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துள்ளார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து ஆகியவற்றோடு, அருகிலிருந்து மருந்தளித்துப் பேணுபவனையும் அவர் சேர்த்தெண்ணுகிறார். முதல் மூன்றையும் நாம் எளிதில் ஒத்துக்கொள்கிறோம். நான்காவது கூறு வீட்டிலுள்ளோரின் வேலை என்று விட்டுவிடுகிறோம். சில நாட்களில் தீரும் நோய்க்கு அது போதும். முப்பது ஆண்டுகள் உடனிருக்கும் நோய்க்கு அது போதாது. நாள்பட்ட நோய்க்குச் சுகாதார அமைப்பை ஒழுங்கு செய்வது என்பது, சுருங்கக் கூறின், அந்த நான்காவது ஆளை ஒவ்வொரு கிராமத்திலும் நியமித்து, அவர் கையில் ஒரு பேரேட்டையும் கொடுத்து, அவருக்குப் பின்னே மருத்துவரையும் மருந்தையும் உறுதியாக நிறுத்துவதேயாகும்.

மேல்நாட்டிலும் இதே முடிவுக்கு வந்துள்ளனர். அமெரிக்க மருத்துவர் எட்வர்டு வாக்னர் 1990-களில் நாள்பட்ட நோய்ப் பராமரிப்புக்கு ஒரு முறையை வகுத்தார். நோயாளி தேடி வரும்போது மட்டும் பார்க்கும் பழக்கத்தை விட்டு, அவர்களைப் பட்டியலிட்டு, வராதவரைத் தேடி, தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள அவர்களைப் பழக்கும் குழுவாகச் சுகாதார ஊழியர்கள் மாற வேண்டும் என்பது அதன் சாரம்.

சென்னையில் காட்டிய வழி

ஆயினும், நாம் பெருமைகொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. நீண்ட கால நோயை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்பதை உலகுக்கு முதன்முதலில் ஐயமற நிறுவிய ஆராய்ச்சி தமிழகத்தில் நடந்தது. 1956-ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை அதற்குத் துணை நின்றன.

அக்காலத்தில் காசநோய் என்றால் நல்ல காற்றும், நல்ல உணவும், முழு ஓய்வும் தரும் சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்கியே தீரவேண்டும் என்று நம்பினர். படுக்கைகளோ மிகக் குறைவு. எனவே, சென்னையின் ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தும், மற்றொரு பகுதியினரை அவரவர் குடிசையிலேயே இருக்கச் செய்தும், இரு சாராருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு அளித்துப் பார்த்தனர். 1959-இல் வெளியான முடிவு பலரை வியக்கவைத்தது. நெருக்கடியான வீட்டில், குறைந்த உணவோடு, வேலைக்கும் சென்றுகொண்டு மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ ஒப்பாகவே குணமடைந்தனர். உடன் வாழ்ந்தவர்களுக்கும் அதனால் நோய் மிகுதியாகப் பரவவில்லை.

இம்முடிவின் முன்பாதியை உலகம் நன்கு நினைவு வைத்துக்கொண்டது. பின்பாதியையும் நாம் மறக்கலாகாது. வீட்டிலிருந்த நோயாளிகளை அந்நிலையத்தார் மருந்தைக் கொடுத்துவிட்டு மறந்துவிடவில்லை. குறித்த நாளில் வந்து மருந்து பெறச் செய்தனர். வராதவரைத் தேடி வீட்டுக்குச் சென்றனர். முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்தனர். மருந்து உண்டதன் அறிகுறி சிறுநீரில் தெரிகிறதா என்று சோதித்தனர். குடிசை சானடோரியத்துக்கு ஈடானதற்கு இந்த இடைவிடாத கவனிப்பும் ஒரு முக்கிய காரணமாகும்.

இன்றைய ஏற்பாடு

இந்தப் பாடத்தைப் பிற நாள்பட்ட நோய்களுக்கும் பொருத்த நமக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1994-இல் அமைக்கப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் மூலம் அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அனுப்பும் முறையைக் கொணர்ந்தது. அடிப்படை மருந்துகள் தட்டின்றிக் கிடைக்க இது வழிவகுத்தது. 2007-ஆம் ஆண்டு தொடங்கி, சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் இரத்தக் கொதிப்பையும் இருதய நோயையும் கண்டறிந்து கவனிக்கும் முன்னோடித் திட்டம் நடத்தப்பெற்றுப் பின்னர் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது.

2020-இல் கோவிட் கொள்ளைநோய் வந்து போக்குவரத்து நின்றபோது, மாதாந்திர மருந்து வாங்க வெளியே செல்ல முடியாமல் தவித்தவர் எண்ணற்றோர். நோயாளி மருந்தை நாடிச் செல்வதற்கு மாறாக, மருந்து நோயாளியை நாடிச் செல்லவேண்டும் என்னும் கருத்து அப்போது வலுப்பெற்றது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கிவைக்கப்பெற்றது. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்களே தன்னார்வலர்களாகத் தேர்ந்தெடுக்கப்பெற்று, வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, நோய் உறுதிப்பட்டவர்களுக்கு மருந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாயினர். படுத்த படுக்கையாயிருப்போருக்கு நோவு தணிக்கும் செவிலியரும், கைகால் விழுந்தோருக்கு இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே செல்வதும் இத்திட்டத்தின் பகுதியாகும். 2022 டிசம்பரில், ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் வழங்கும் நிகழ்ச்சி நமது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் சன்னாசிப்பட்டியில் நடைபெற்றது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது.

பயன் விளைந்ததா? 2023-24-இல் எடுத்த அடுத்த கணக்கெடுப்பில், கொதிப்பைக் கட்டுக்குள் வைத்திருப்போர் 7.3 விழுக்காட்டிலிருந்து 17 விழுக்காடாகவும், நீரிழிவைக் கட்டுக்குள் வைத்திருப்போர் 10.8-லிருந்து 16.7 விழுக்காடாகவும் உயர்ந்திருந்தனர். நாம் முன்பு கண்ட கிராமத்தில், 339 பேரில் 25 பேர் என்றிருந்தது இப்போது 58 பேர் என்றாகிறது. இது மகிழத்தக்க முன்னேற்றமே. ஆனால், எஞ்சிய 281 பேரை மறந்து மகிழ நமக்கு உரிமையில்லை.

செய்ய வேண்டுவன

ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 மக்கள் என்றும், மலைப் பகுதியில் 3,000 மக்கள் என்றும் அளவு வகுத்துள்ளனர். அந்த எல்லைக்குள் நான்காவது ஆளின் பணி செம்மையாக நடைபெறக் கீழ்க்கண்ட ஏற்பாடுகள் இன்றியமையாதவை.

முதலாவது, பேரேடு. பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரின் பெயரும் அதில் இருக்கவேண்டும். கைப்பேசியில் பதிந்தாலும், நோட்டுப் புத்தகத்தில் எழுதினாலும், அதைக் கொண்டு ஒரு கேள்விக்கு விடை காண முடியவேண்டும்: இம்மாதம் மருந்து வாங்கத் தவறியவர் யார்? இதற்கு விடை தராத பேரேடு எண்ணிக்கை காட்டுமேயன்றி உயிரைக் காக்காது.

இரண்டாவது, முறையான அளவீடு. மலையேறி வந்தவரை மூச்சிரைக்க நிறுத்தி அழுத்தம் பார்த்தல் தவறு. ஐந்து நிமிடம் அமைதியாக அமரச் செய்து பார்க்கவேண்டும். 140-க்கு 90 என்ற அளவை எட்டினால், மற்றொரு நாளும் பார்த்து மருத்துவரால் உறுதி செய்யவேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றின் சோதனை தேவை. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றும். காட்டுப் பாதையில் வெறுங்காலுடன் நடப்பவருக்கு முள் தைத்ததே தெரியாது. புண் புரையோடிய பின்னரே தெரியும். ஆகவே, மலையடிவாரத்தில் ஒரு சோடிச் செருப்பும் மருந்துக்கு நிகரானதாகும்.

மூன்றாவது, மருந்து தீருமுன் மருந்து. கையிருப்பு முடிவதற்குச் சில நாள் முன்னரே அடுத்த தவணை வந்துவிடவேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்வோர் பலர் வீடுகளில் குளிர்பதனப் பெட்டி இராது. பயன்படுத்தத் தொடங்கிய புட்டியை வெயிலும் அனலும் படாமல் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். ஈர மணலிட்ட மண்பானைக்குள், நீர் புகாத சிறு பாத்திரத்தில் வைப்பது ஏழைகளின் வீட்டுக்கு ஏற்ற முறையாகும். இதைச் சொல்லிக்கொடுப்பது மட்டும் போதாது. அவர்கள் வீட்டில் ஒருமுறை செய்துகாட்டுதல் நலம்.

நான்காவது, போவதற்கும் திரும்புவதற்கும் சீட்டு. துணை நிலையத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், அங்கிருந்து துறையூர் அரசு மருத்துவமனைக்கோ திருச்சிராப்பள்ளி மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனைக்கோ நோயாளியை அனுப்புகிறோம். அங்கு என்ன கண்டார்கள், எந்த மருந்தை மாற்றினார்கள் என்னும் செய்தி திரும்பி வந்தாலன்றி, கிராமத்து ஊழியர் பழைய மருந்தையே கொடுத்துக்கொண்டிருப்பார். அனுப்பும் சீட்டைவிடத் திரும்பிவரும் சீட்டு முக்கியமானது.

ஐந்தாவது, பேச்சு. “உடம்பு நன்றாயிருக்கிறது, ஏன் மாத்திரை?” என்று கேட்பவரை அறியாதவர் என்று ஒதுக்கக்கூடாது. அது நியாயமான கேள்வி. மாத்திரை உண்பதால்தான் உடம்பு நன்றாயிருக்கிறது என்பதைப் பொறுமையோடு பலமுறை எடுத்துரைக்கவேண்டும். சித்த மருத்துவத்தில் நம்பிக்கையுள்ளோர், அதனை மறைத்து உண்ணாமல், இரு மருத்துவரிடமும் சொல்லி உண்ணும்படி செய்தல் வேண்டும். ஒன்றை நம்பி மற்றதைத் தாமே நிறுத்திவிடுவதால் நேரும் கேடு பெரிது.

மலையடிவாரத்தின் தனிச் சிக்கல்

மேற்கூறியவை எல்லாக் கிராமங்களுக்கும் பொதுவானவை. புளியஞ்சோலை போன்ற இடத்துக்கென்று தனிச் சிக்கல்கள் உள்ளன. முதல் சிக்கல் எல்லைக்கோடு. அடிவாரம் திருச்சிராப்பள்ளி மாவட்டம். மலைமேல் நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை வட்டம். வண்டிச் சாலையோ மறுபுறம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுகிறது. இப்பக்கத்தில் நடைபாதையே துணை. மலைவாழ் மக்களின் உறவும் வேலையும் சந்தையும் இந்த எல்லைக்கோட்டை அறியா. மேலே பேரேட்டில் பதிந்த ஒருவர் அடிவாரத்தில் ஆறு மாதம் கூலி வேலை செய்தால், மேலே அவர் ‘வராதவர்’. கீழே அவர் ‘இல்லாதவர்’. இரண்டு பேரேட்டிலும் தவறு இராது. மனிதர் மட்டும் தவறிப்போவார்.

இதற்குப் பெரிய செலவு வேண்டுவதில்லை. இரு மாவட்டத்தின் அண்டை ஒன்றியங்களின் சுகாதார ஊழியர்கள் மாதமொருமுறை ஓரிடத்தில் கூடிப் பெயர்ப் பட்டியலை ஒப்பிட்டுக்கொண்டால் போதும். நோயாளியின் கையில் உள்ள அட்டையை எந்த நிலையத்தாரும் ஒப்புக்கொண்டு மருந்தளிக்கவேண்டும். தோட்ட வேலைக்கு வெளியூர் செல்வோருக்குப் புறப்படுமுன் இரண்டு மூன்று மாத மருந்தை மருத்துவரின் அனுமதியோடு சேர்த்துக் கொடுத்தனுப்பலாம்.

இரண்டாவது சிக்கல் நம்பிக்கை. மலைவாழ் மக்கள் வெளியிலிருந்து வருவோரிடம் எளிதில் மனம் திறப்பதில்லை. இதற்குத் தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலையருகே உள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு நல்ல பாடம் தருகிறது. அங்கும் வாழ்வோர் கொல்லிமலையில் உள்ளவர்களைப் போன்று மலையாளிப் பழங்குடியினரே. 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் அங்கே ஒரு கூரைக் கொட்டகையில் மருத்துவப் பணி தொடங்கினர். வெளியிலிருந்து ஆட்களை வரவழைப்பதற்கு மாறாக, அவ்வூர்ப் பெண்களையே செவிலியராகவும், ஒவ்வொரு சிற்றூரிலிருந்தும் ஒரு மூத்த பெண்மணியைச் சுகாதாரத் துணையாளராகவும் பழக்கினர். அத்தை, சித்தி என்று அழைக்கப்படும் ஒருவர் “மாத்திரை உண்டாயா?” என்று கேட்பதற்கும், பையோடு வரும் ஒரு அதிகாரி கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை அங்கே நன்கு காணலாம்.

ஊராட்சியின் கடமை

இவையெல்லாம் சுகாதாரத் துறையின் வேலையல்லவா, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஊராட்சிக்கும் இதில் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோவு தணிக்கும் பணி, பின்னர் அக்கம்பக்கத்தார் கூடி நடத்தும் இயக்கமாக வளர்ந்தது. 2008-இல் அம்மாநில அரசாங்கம் அதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. ஊராட்சிகள் படுக்கையிலுள்ளோரின் வீட்டுக்குச் செவிலியரை அனுப்புவதைத் தம் கடமைகளுள் ஒன்றாக மேற்கொண்டன. சாலையும் குடிநீரும் போன்று நோயாளியைப் பேணுதலும் ஊர்ப் பொதுக் காரியமாக முடியும் என்பதற்கு இது சான்று.

நம் ஊராட்சிகளும் பல செய்யலாம். கிராம சபைக் கூட்டத்தில் வரவு செலவோடு, நோயாளிகளின் பெயரை வெளியிடாமல், எத்தனை பேர் பதிவாகியுள்ளனர், எத்தனை பேர் தொடர்ந்து மருந்துண்கின்றனர் என்னும் எண்ணிக்கையை வாசிக்கலாம். வேலைத் தளங்களில் மாதமொருமுறை அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்தால், நோயாளி ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. தன்னார்வலர் நடக்கும் பாதையில் மழைக்காலத்தில் ஓடை பெருகினால், அங்கே ஒரு சிறு நடைபாலம் அமைப்பதும் மருத்துவப் பணியே. பேருந்து நேரத்தைச் சுகாதார நிலையத்தின் நேரத்தோடு ஒத்திருக்கச் செய்யப் போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதுவதும் அவ்வாறே.

உணவைப் பற்றியும் ஒரு சொல். நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், கருவாடு, அப்பளம், கடைப் பண்டங்கள் ஆகியவற்றில் மறைந்து வரும் உப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்து உணவாக இருந்த காலம் உண்டு. பிற்காலத்தில் மரவள்ளியும் பணப்பயிர்களும் அந்நிலத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டன. சிறுதானியத்தை மீண்டும் தட்டுக்குக் கொணர்வது வேளாண்மையும் சுகாதாரமும் கைகோத்துச் செய்யவேண்டிய காரியம். புகையிலையையும் சாராயத்தையும் விட்டவருக்கே மருந்து முழுப் பலன் தரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

முடிவாக

தன்னார்வலர்களாகப் பணிபுரியும் பெண்களை நாம் மறத்தலாகாது. வெயிலிலும் மழையிலும் நடப்பவர் அவர்களே. பூட்டிய கதவின்முன் காத்து நிற்பவரும் அவர்களே. அவர்களுக்குரிய ஊக்கத்தொகை காலந்தவறாமல் கிடைக்கச் செய்தலும், அவர்கள் கருவிகள் பழுதின்றி இருக்கக் கவனித்தலும், அவர்கள் சொல்லுக்கு மருத்துவர் செவிசாய்த்தலும் இந்த அமைப்பின் உயிர்நாடி. நான்காவது ஆள் சோர்ந்தால் மற்ற மூவரும் பயனற்றவராவர்.

ஊராட்சித் தலைவர்களும், குழுப் பெண்களும், ஆசிரியர்களும் இக்கட்டுரையைப் படித்தபின் ஒன்று செய்யவேண்டுமென வேண்டுகிறேன். தத்தம் தெருவில் தொடர்ந்து மருந்துண்ண வேண்டியவர் யார் யார் என்று விசாரித்து அறிந்துகொள்ளுங்கள். அவர்களிடம் சென்று, “மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது? தீர்ந்தால் எங்கே வாங்குவீர்கள்?” என்று கேளுங்கள். விடை தெரியாது தயங்குவோரைத் துணை சுகாதார நிலையத்துக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். அன்று கயிற்றுக் கட்டிலருகே நின்ற அந்த அம்மையாருக்கு என்னால் விடை சொல்ல இயலவில்லை. புளியஞ்சோலையிலும், அதைப் போன்ற பிற ஊர்களிலும் அத்தகைய கேள்வி இனி எழாதிருக்கச் செய்வதே நாம் ஆற்றக்கூடிய கைம்மாறு.